ஒரே ஒரு கலியாணப் படம், ஒரு ஹோல் சுவர்: கன்வஸில் படம் போடுவது பற்றி

தங்கச்சி, மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கிளிநொச்சியில் வீட்டு வேலை முடிந்து குடிபுகுந்துவிட்டீர்கள், ஹோல் சுவர் வெறுமையாகக் கிடக்கிறது. அம்மா அப்பாவின் 1986ஆம் ஆண்டுக் கலியாணப் படத்தை ரொரன்ரோவில் இருக்கிற மாமி வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார், அதை 16க்கு 24 அங்குலத்தில் கன்வஸ் துணியில் அச்சடித்துப் போட வேண்டும், பக்கத்தில் உங்கள் போனில் எடுத்த இரணைமடுக் குளத்துப் படமும் பிள்ளைகளின் படமும் வர வேண்டும். எந்தத் துணி, எந்த மை, எங்கள் வெயிலுக்கும் மாரிக்கும் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். வவுனியாவில் பதினாறு வருடமாகப் படம் பிரிண்ட் பண்ணுவதும் சட்டம் போடுவதும்தான் என் தொழில். தெரிந்ததை முழுக்கச் சொல்கிறேன், நீளமாகத்தான் வரும், ஆறுதலாக வாசியுங்கள்.

வட்ஸ்அப்பில் வந்த அந்தப் படத்தை அப்படியே கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். சாதாரணமாக அனுப்பும்போது வட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும், நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்கு வந்துவிடும். அதை 24 அங்குலத்தால் பிரித்துப் பாருங்கள், ஒரு அங்குலத்துக்கு 66 பிக்சல்தான் மிஞ்சும். கன்வஸுக்கு அங்குலத்துக்கு 150 இருந்தால் வடிவாக வரும், 100க்குக் கீழே போனால் கண், மூக்கு, கூறைச்சேலையின் கரை எல்லாம் கரைந்துபோய்விடும். கையில் வைத்துப் பார்க்கிற கடதாசிப் படத்துக்கு 300 கேட்பார்கள், கன்வஸில் துணியின் நெசவே சின்னக் குறைகளை மூடிவிடுவதாலும் சுவரில் இருப்பதை ஐந்தாறு அடி தள்ளி நின்றே பார்ப்பதாலும் அதில் பாதி போதும். அதைவிட, நீங்கள் காட்டிய படத்தில் மேல் மூலையில் ரியூப்லைட் வெளிச்சம் வெள்ளையாக விழுந்திருக்கிறது, கீழ்ப்பக்கம் கொஞ்சம் அகன்றும் இருக்கிறது. மாமி அல்பத்தை மேசையில் விரித்து வைத்துப் போனால் எடுத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். அது பார்த்து மகிழப் போதும், சுவருக்குப் போதாது.

அதனால் மாமியின் பிள்ளைகளிடம் சொல்லி அந்தப் படத்தை ஸ்கான் பண்ணுவியுங்கள். பிரிண்டரோடு சேர்ந்த ஸ்கானர் வீட்டில் இல்லாவிட்டாலும் அங்கே பொது நூலகத்தில் இருக்கும். கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் கலரில், 600 டிபிஐயில், அதாவது ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி வருகிற மாதிரி, எடுக்கச் சொல்லுங்கள். 4க்கு 6 அங்குலப் படத்தை 600இல் எடுத்தால் 2400க்கு 3600 பிக்சல் வரும், 16க்கு 24 அங்குலத்துக்கு அது அச்சொட்டாக 150. 1200இல் எடுத்தால் இன்னும் நல்லதுதானே என்று கேட்பீர்கள், பழைய பிரிண்ட் ஒன்றில் அதற்குமேல் எடுக்க விபரம் பெரிதாக இருக்காது, பைல்தான் பெருக்கும். ஸ்கானர் கண்ணாடியை முதலில் துடைக்க வேண்டும், படத்தைத் துணியாலோ விரலாலோ துடைக்கக்கூடாது, தூசியை ஊதி விட்டால் போதும். அந்தக் காலத்து ஒட்டுகிற அல்பமாக இருந்து படம் கிளம்பாவிட்டால் இழுக்காமல், பல்லிடுக்குச் சுத்தம் பண்ணுகிற நூலைப் படத்துக்கும் மட்டைக்கும் நடுவே விட்டு மெதுவாக அரக்கி எடுக்கலாம். அதற்கும் வராவிட்டால் அப்படியே பக்கத்தோடு ஸ்கான் பண்ணட்டும். பிறகு வட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டொக்கியூமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அப்படி வந்தால் சுருங்காது. மின்னஞ்சலும் நல்லது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கதைக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருக்கிறவர்களுக்குக் கன்வஸ் படம் என்றால் வீட்டலங்காரம், எடுத்த நூறு படத்தில் எது வடிவு என்று தெரிவுசெய்வதே அவர்களுக்கு வேலை. எங்கள் பக்கம் அனேகம் பேருக்குத் தெரிவுசெய்யப் படமே இல்லை. 1995இல் போரால் வலிகாமத்திலிருந்து வந்தவர்கள் ஒருமுறை அல்பத்தை விட்டார்கள், 2008, 2009இல் ஊர் ஊராக இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை போனவர்கள் மிச்சத்தையும் விட்டார்கள். என்னிடம் வருகிறவர்களில் பலர் கொண்டு வருவது ஒரு அடையாள அட்டை, அல்லது அந்தியேட்டிக் கிரியைக்கு அடித்த கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகத்தின் முதல் பக்கம், அல்லது ஆவணங்களோடு பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டிக் கொண்டு வந்ததில் தப்பிய பாஸ்போட் அளவுப் படம். உங்களுக்குக் கலியாணப் படம் மிஞ்சியிருக்கிறது என்றால் அது மாமி 86க்குப் பிறகு எப்போதோ கனடாவுக்குக் கொண்டு போனதால்தான். எங்கள் வீட்டுப் படங்களில் மிச்சம் இருப்பவை பெரும்பாலும் வெளிநாட்டில்தான் இருக்கின்றன, அந்தக் காலத்தில் கலியாணம், சாமத்தியவீடு என்றால் ஒரு செற் படத்தைத் தபாலில் அனுப்புவோமே, அவைதான். மாமியிடம் மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள், லண்டன், சுவிஸ், பிரான்ஸ் என்று அப்பாவின் பக்கம், அம்மாவின் பக்கம் எல்லாரிடமும் கேளுங்கள். முல்லைத்தீவிலிருந்து ஒரு அம்மா வந்தார், மகனின் படம், ஈரத்தில் ஒட்டிக் கிழிந்து ஒரு பக்கக் கன்னமே இல்லை. கன்னத்தை வரைந்து தரச் சொன்னார். நான் வரையவில்லை, சொந்தங்களிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். நாலு மாதத்துக்குப் பிறகு சுவிஸில் இருக்கிற பெறாமகளிடமிருந்து அதே படத்தின் இன்னொரு பிரதி கிடைத்தது, ஒரு மடிப்புக்கூட இல்லாமல். அந்த அம்மா அதைக் கடைக் கொம்பியூட்டர் திரையில் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அடையாள அட்டைதான் இருக்கிறது என்று இதை வாசிக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். லமினேட்டைப் பிரிக்காதீர்கள், படம் அதோடு உரிந்து வந்துவிடும், அப்படியே 1200 டிபிஐயில் ஸ்கான் பண்ணுங்கள், 8க்கு 10 அங்குலம் வரை மரியாதையாக வரும், அதற்குமேல் ஆசைப்பட வேண்டாம். கல்வெட்டுப் புத்தகத்திலிருந்து எடுப்பது இன்னும் கஷ்டம், அச்சகத்துப் படம் முழுக்கப் புள்ளிகளால் ஆனது, பெருக்கப் பெருக்கப் புள்ளிதான் பெருக்கும். ஆனால் அந்தப் புத்தகத்தை அடித்த அச்சகத்தின் கொம்பியூட்டரில் மூலப் படம் இன்னும் கிடக்கலாம், போய்க் கேளுங்கள், நான் இரண்டு தடவை அப்படி எடுத்திருக்கிறேன்.

உங்கள் படத்தின் நிறத்துக்கு வருகிறேன். முழுக்கச் செம்மஞ்சளாகப் போயிருக்கிறது என்கிறீர்கள். அந்தக் காலத்துக் கலர்ப் படங்களில் மூன்று சாயம் உண்டு, அதில் நீலப்பச்சைச் சாயம் அல்பத்துக்குள் இருட்டில் இருந்தாலும் முதலில் போய்விடும், மிஞ்சுகிறது சிவப்பும் மஞ்சளும். நல்ல ஸ்கான் இருந்தால் ஓரளவுக்குத் திருப்பலாம். கூறையின் சிவப்பும் மாலையின் வெள்ளையும் நினைவில் உள்ளபடி வராவிட்டால், நான் உங்களுடைய இடத்தில் இருந்தால் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிவிடுவேன், அதுவும் கொம்பியூட்டரில் படம் பிரிந்திருக்கிற சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சானலில் பச்சை சானலை மட்டும் எடுத்து. அந்தச் சானலில்தான் முகத்தின் நிழலும் வெளிச்சமும் மிச்சம் இருக்கும், சிவப்புச் சானல் வெளிறிக் கிடக்கும். வேலை தெரிந்த பொடியன் யாரிடம் சொன்னாலும் ஐந்து நிமிடத்தில் செய்து காட்டுவான். சாம்பல் நிறச் சுவருக்குக் கறுப்பு வெள்ளை எடுப்பாகவும் இருக்கும்.

அடுத்தது எனக்குச் சரியான கவலை தருகிற விஷயம். பழைய படத்தைப் போட்டால் ஒரு நிமிடத்தில் பளிச்சென்று ஆக்கித் தருகிற செயலிகள் இப்போது போனிலேயே இருக்கின்றன, கடைக்காரரும் அதைத்தான் பாவிக்கிறார்கள். கீறல் எடுப்பதற்கும் தூசி எடுப்பதற்கும் நானும் பாவிக்கிறேன். ஆனால் முகம் மங்கலாக இருந்தால் செயலி அந்த முகத்தைத் தெளிவாக்குவதில்லை, தனக்குத் தெரிந்த ஆயிரம் முகங்களிலிருந்து புதிதாக ஒரு கண்ணும் மூக்கும் செய்து வைக்கிறது. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் அப்பா மாதிரி இருக்கும். கிட்டப் போனால் அவருடைய மேல் இமை கொஞ்சம் தொங்குமே, அது இருக்காது, நெற்றித் தழும்பு இருக்காது, பல் வரிசை வேறு ஆளுடையதாக இருக்கும். ஒரே ஒரு படம் இருக்கிற வீட்டில் அப்படி ஒன்றைச் சுவரில் மாட்டினால் பத்து வருடத்தில் பிள்ளைகளுக்கு அதுதான் அப்பப்பாவின் முகம் என்று ஆகிவிடும். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, அவருடைய முகமாக இருக்கட்டும். கடையில் சொல்லிவிடுங்கள், முகத்தில் கை வைக்க வேண்டாம் என்று. அதே மூச்சில் வெள்ளையாக்கவும் வேண்டாம் என்று சொல்லுங்கள், கேட்காமலே இரண்டு படி வெளுப்பாக்கிவிடுகிற பழக்கம் எங்கள் தொழிலில் இருக்கிறது. அம்மாவின் நிறம் அம்மாவின் நிறமாகவே இருக்க வேண்டும். முடிவில் அம்மாவை, அல்லது அவர்களை அந்த வயதில் பார்த்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழையதையும் திருத்தியதையும் ஒரே அளவில் திரையில் வைத்துப் பாருங்கள்.

சரி, இனி கன்வஸ். கன்வஸ் படம் என்றால் துணியில் அச்சடித்து மரச்சட்டத்தைச் சுற்றி மடித்துப் பின்னால் ஸ்டேப்ளர் அடிப்பது, கண்ணாடி கிடையாது. சட்டம் ஒன்றரை அங்குலத் தடிப்பு என்றால் நாலு பக்கமும் படத்தில் ஒன்றரை அங்குலம் மடிப்புக்குப் போகும், அதற்கு அப்பால் இழுத்து அடிக்க இன்னொரு அங்குலம் துணி வேண்டும். இதை முதலே யோசிக்காவிட்டால் ஓரத்தில் நிற்கிறவரின் தோள் பக்கவாட்டுக்குப் போய்விடும். நான் தொழில் தொடங்கிய புதிதில் ஒரு குடும்பப் படத்தில் கடைசியில் நின்ற அம்மம்மாவின் பாதி முகத்தைச் சட்டத்தின் மூலையில் மடித்துவிட்டேன், திரும்ப அடித்துக் கொடுத்தேன், ஆனால் அவர்கள் அதை விரித்துப் பார்த்த நேரம் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்கவில்லை. கலியாணப் படத்தில் பொம்பிளை மாப்பிள்ளைக்கு இரு பக்கமும் தோழனும் தோழியும் ஓரம் வரை நிற்பார்கள், ஆகவே படத்தை மடிக்க வேண்டாம். ஓரத்தைக் கண்ணாடி விம்பம் மாதிரித் திருப்பிப் போடச் சொல்லலாம், அல்லது பக்கவாட்டை ஒரே நிறமாக, கறுப்போ மங்கிய வெள்ளையோ, விடச் சொல்லலாம். பழைய படத்துக்கு எனக்குப் பிடித்தது ஒரே நிறம்தான்.

துணியில் பருத்தி, பொலியெஸ்டர், இரண்டும் கலந்தது என்று மூன்று வகை வரும். சுத்தப் பருத்தி பார்க்க வடிவுதான், ஆனால் ஈரப்பதனுக்குத் தக்கபடி தளரும், இறுகும். பங்குனி சித்திரையில் கூரைத் தகட்டுக்குக் கீழே கொதிக்கிற சூடும் கார்த்திகை மார்கழியில் வடகீழ்ப் பருவமழையின் ஈரமும் மாறி மாறி வருகிற எங்கள் வீடுகளுக்குக் கலப்புத் துணி அல்லது பொலியெஸ்டர், 350 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 350 கிராம்) அளவில், பேசாமல் எடுக்கலாம். மை பிக்மென்ட்டா, அதாவது நிறத்தூள் கலந்த மையா என்று கேளுங்கள், பனர் அடிக்கிற பெரிய மெஷினில் வருகிற எக்கோ சொல்வென்ட் மையும் நின்றுபிடிக்கும், சாய மைதான் வெளிச்சத்தில் கெதியாக வெளிறும். கடைக்காரருக்கே சரியாகத் தெரியாவிட்டால், வெட்டி எறிகிற ஓரத் துண்டை வாங்கி ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள், நிறம் விரலில் வந்தால் வேண்டாம். எக்கோ சொல்வென்ட்டில் அடித்தால் குறைந்தது ஒரு நாளாவது மணம் போக விரித்து வைத்துவிட்டுத்தான் மேலே பூச்சு அடிக்க வேண்டும். அந்தப் பூச்சு, பளபளக்காத மட் வாணிஷ், கட்டாயம் வேண்டும். எங்கள் கிரவல் தூசியைச் சோளகக் காற்று வீட்டுக்குள் கொண்டு வந்து கொட்டும், பூச்சு இல்லாத துணியின் நெசவுக்குள் அது ஏறினால் பிறகு எடுக்கவே முடியாது.

இன்னொன்று, கன்வஸ் என்று சொல்லி பனர் அடிக்கிற பிளெக்ஸைச் சட்டத்தில் இழுத்துக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கன்வஸ் என்றால் பின்னால் நூல் நெசவு வெறும் துணியாகத் தெரியும், பிளெக்ஸ் என்றால் வழவழவென்று பிளாஸ்டிக்காக இருக்கும், உள்ளே வலைக் கட்டம் தெரியும், ஒரு மணமும் அடிக்கும். மரண அறிவித்தல் பனருக்குப் பாவிக்கிற அந்தப் பொருளில் அம்மா அப்பாவின் கலியாணப் படத்தை நான் போட மாட்டேன்.

சட்டத்து மரத்துக்கு வன்னியில் பஞ்சமில்லை என்று நினைத்து முதிரையிலும் பாலையிலும் அடிக்கச் சொல்கிறார்கள், பாரத்தில் ஆணி கழன்றுவிடும். நன்றாகக் காய்ந்த பைன் போதும், வெளிநாட்டுச் சாமான் வருகிற பெட்டிப் பலகையில்கூட நல்ல துண்டுகள் கிடைக்கும். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎப் பலகை வேண்டாம், மாரியில் ஊதும். பச்சை மரம் வேண்டவே வேண்டாம், மூன்றாம் மாதம் ஒரு மூலை சுவரைவிட்டு எழும்பி நிற்கும். முன்பக்க உள்விளிம்பைச் சரிவாகச் சீவச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மரத்தின் விளிம்பு துணியில் ஒரு கோடாக விழுந்து படத்துக்கு முன்னால் தெரியும். மேசன் மூலைமட்டம் பார்க்கிற மாதிரி இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து சமமா என்று பார்த்த பிறகுதான் துணியை இழுக்க வேண்டும். முதலில் நாலு பக்கத்திலும் நடுவில் ஒவ்வொரு ஸ்டேப்பிள், பிறகு எதிரும் புதிருமாக இழுத்து நடுவிலிருந்து மூலைக்கு. மூலையைத் தபால் பொதி மடிக்கிற மாதிரி ஒரே மடிப்பாக உள்ளே தள்ளி, மடிப்பு மேலிருந்தோ கீழிருந்தோ தெரியலாமே தவிரப் பக்கத்திலிருந்து தெரியக்கூடாது. முடிந்ததும் விரலால் தட்டினால் தோல் கட்டின மேளம் மாதிரி ஒரு சத்தம் வர வேண்டும், தொப்பென்று கேட்டால் திரும்ப இழுக்க வேண்டும். 30 அங்குலத்துக்கு மேல் போனால் நடுவே ஒரு குறுக்குச் சட்டம் கேளுங்கள். பின்னால் மரத்துக்குக் கறையான் மருந்து பூசிக் காயவிட்ட பிறகே துணி ஏற வேண்டும்.

மாமி அங்கேயே அடித்து அனுப்புகிறேன் என்றால் அதுவும் நல்ல வழிதான், சட்டம் இல்லாமல் துணியை மட்டும், படம் வெளிப்பக்கம் இருக்கும்படி அகலமான குழாயில் சுருட்டி, வருகிற யாரிடமாவது கொடுத்துவிடச் சொல்லுங்கள். சட்டத்தை இங்கே தச்சுவேலை தெரிந்தவரைக் கொண்டு செய்யலாம்.

அளவைப் பற்றி. வீட்டுத்திட்ட வீட்டு ஹோல் பெரிதில்லை, 2012க்குப் பிறகு இந்திய உதவி 550,000 ரூபாவில் தொடங்கி மிச்சத்துக்குக் கடன்பட்டுக் கட்டிய வீடுகள் எத்தனை என்று எங்களுக்குத் தெரியும்தானே. ஆறடிச் செற்றிக்கு (சோபாவுக்கு) மேலே மாட்டுவதென்றால் எல்லாப் படமும் இடைவெளியும் சேர்த்து நாலடி அகலம் போதும். நடுவில் 16க்கு 24 நிமிர்ந்தபடி கலியாணப் படம், இரு பக்கமும் சின்னதாக மற்ற இரண்டும். எங்கள் ஆட்கள் படத்தைக் கதவு நிலைக்கு மேலே, கூரைக்குக் கிட்ட, முன்னால் சரித்து மாட்டிப் பழகியவர்கள். கொஞ்சம் இறக்குங்கள், படத்தின் நடு நிலத்திலிருந்து நாலே முக்கால் அடி அல்லது ஐந்தடியில் வரட்டும், செற்றி இருந்தால் அதன் முதுகுக்கு மேல் அரையடி இடம் விட்டு. பிள்ளைகள் முகத்துக்கு நேரே நின்று பார்க்கட்டும். சீமெந்துக் கல் சுவருக்கு வெறும் ஆணி அடித்தால் பூச்சு உதிரும், ட்ரில் போட்டு ரோல்பிளக் என்கிற பிளாஸ்டிக் ஆப்பு வைத்து ஸ்குரூ முறுக்குங்கள். பின்னால் கீழ் மூலைகள் இரண்டிலும் ஒரு றப்பர் துண்டு ஒட்டினால் சுவருக்கும் துணிக்கும் நடுவே காற்றுப் போகும், பூஞ்சணம் பிடிக்காது, பல்லியும் அவ்வளவாக ஒதுங்காது. மேற்கு வெயில் ஜன்னலால் வந்து விழுகிற சுவரும் மழைக்குக் கசிகிற சுவரும் வேண்டாம், ஒரு மாரி பார்த்துவிட்டு மாட்டினாலும் பிழையில்லை.

ஒரு முக்கியமான விஷயம், இதை யாரும் சொல்ல மாட்டார்கள். காலமானவர்களின் படத்துக்கு விளக்கு வைத்து, பொட்டு வைத்து, திவசத்துக்கு மாலை போடுகிற வழக்கம் எங்களுக்கு உண்டு. சந்தனமும் குங்குமமும் கன்வஸில் ஊறினால் போகாது, பூச்சாறும் கறையாகும், சாம்பிராணிப் புகை நெசவுக்குள் ஏறும். அப்பாவுக்குச் சாமியறைப் பக்கம் வைக்கிற படத்தைக் கடதாசியில் பிரிண்ட் பண்ணிக் கண்ணாடிச் சட்டத்திலேயே போடுங்கள். கன்வஸ் ஹோலுக்கு, கலியாணக் கோலத்தில் அவர்கள் சேர்ந்து நிற்பதற்கு. இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம். கன்வஸைத் துடைப்பதற்குக் காய்ந்த மெல்லிய துணி அல்லது புதுப் பெயின்ற் தூரிகை போதும்.

உங்கள் போன் படங்களில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 12 மெகாபிக்சல் என்றால் 4000க்கு 3000, அது 18க்கு 24 அங்குலம் வரை தாராளமாகப் போகும், நீங்கள் போடுவது அதைவிடச் சின்னது. பேஸ்புக்கிலிருந்து இறக்காமல் போனில் உள்ள மூலத்தையே கொடுங்கள். இரணைமடுப் படத்தில் தண்ணீர்க் கோடு இடப்பக்கம் சரிந்திருக்கிறது, நிமிர்த்துங்கள், திரையில் தெரியாது, சுவரில் குளம் வழிகிற மாதிரி இருக்கும். கன்வஸ் போன் திரை மாதிரி ஒளிவிடாது, அதனால் அந்திவானத்துக்குக் கீழே இருக்கிற இருட்டைக் கொஞ்சம் வெளிச்சமாக்கிக் கொடுங்கள். விலை பெரும்பாலும் சதுர அடிக் கணக்கில் சொல்வார்கள், சட்டம், வாணிஷ், மடிப்புக்குப் போகிற துணி எல்லாம் அதற்குள்ளா என்று முதலே கேளுங்கள். முழுப் படத்துக்கு முன்னால் அதே துணியில் முகம் வருகிற இடத்தை மட்டும் ஒரு சாண் அளவில் அடித்துத் தரச் சொல்லுங்கள், அதற்குத் தனியாகக் காசு கேட்டாலும் கொடுங்கள்.

ஸ்கான் வந்ததும் அதை உங்கள் போனில் மட்டும் வைக்காதீர்கள், தம்பியிடம் ஒன்று, மாமியின் மகளிடம் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று இருக்கட்டும். மாமியிடம் கேட்கும்போது படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கான் பண்ணச் சொல்லுங்கள். அந்தக் காலத்து ஸ்டூடியோச் சீல் இருக்கும், அனுப்பியவர் பேனையால் இரண்டு வரி எழுதியிருப்பார், அது அப்பாவின் கையெழுத்தாகவும் இருக்கலாம். இரண்டு பைலும் வந்த பிறகு எத்தனை பிக்சல் என்று பார்த்து எழுதுங்கள், கடைக்குப் போக முன்னம் ஓர அளவை நான் கணக்குப் போட்டுத் தருகிறேன்.